போனஸும் பொய்க் கணக்கும்

போனஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தீபாவளி, புதுப் புடவை, குழந்தைகளுக்குப் பட்டாசு, அடகுக் கடையில் இருக்கும் வளையலை மீட்பது. வருஷத்துக்கு ஒரு முறை வந்து, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும் பணம் அது. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் மூச்சுத் திணறுகிறவர். அவருக்குப் போனஸ் கொடுக்கலாமா கூடாதா என்று யாராவது கேட்டால், நாம் சண்டைக்கே போய்விடுவோம்!

ஆனால் இங்கே சொல்லப் போவது அந்தப் போனஸைப் பற்றி அல்ல. கை நிறையச் சம்பளம் வாங்கும் பெரிய சர்க்கார் அதிகாரிகளுக்கு, "நன்றாக வேலை செய்தீர்கள், இந்தாருங்கள் வெகுமதி!" என்று ஜனங்களின் வரிப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்தப் போனஸைப் பற்றி. அதற்கு ஒரு வரம்பு வேண்டாமா? வேண்டுமானால் எவ்வளவு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்கா நாற்பது வருஷங்களுக்கு மேலாக மல்லுக்கு நிற்கிறது. ஒரு சமயம் அந்தப் போனஸ் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நோயாளிகளின் கதையோடு பின்னிக்கொண்டு, ஒரு மந்திரியின் பதவியையே காவு வாங்கிவிட்டது.

"அமெரிக்காவின் சங்கதி நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிற எவருக்கும் இந்தக் கதையில் உபயோகமான விஷயம் ஒன்று இருக்கிறது.

கார்ட்டர் கொண்டு வந்த திட்டம்

1978-ம் வருஷம். ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதி. சர்க்கார் ஆபீஸ்கள் ஆமை வேகத்தில் நகர்கின்றன, நன்றாக உழைக்கிறவருக்கும் நாற்காலியைத் தேய்க்கிறவருக்கும் ஒரே சம்பளம் என்று ஜனங்களிடையே முணுமுணுப்பு. கார்ட்டர் ஒரு யோசனை செய்தார். தனியார் கம்பெனிகளில் திறமைக்குத் தகுந்த வெகுமதி கிடைக்கிறது அல்லவா? சர்க்காரிலும் அதையே செய்தால் என்ன?

அந்த வருஷம் அக்டோபரில் சிவில் சர்வீஸ் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1979 ஜூலையில் "உயர் நிர்வாக சர்வீஸ்" என்ற புதிய பிரிவு பிறந்தது. இலாகாக்களின் உச்சியில் இருந்த சுமார் 7,000 அதிகாரிகள் அதில் சேர்ந்தார்கள். இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதிகாரிகள் தங்கள் பதவிப் பாதுகாப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். எந்த இடத்துக்கு மாற்றினாலும் போக வேண்டும். வேலை சரியில்லை என்றால் கீழே இறங்க வேண்டும். அதற்குப் பதிலாக, நன்றாக உழைத்தால் சம்பளத்தில் 20 சதவிகிதம் வரையில் போனஸ் உண்டு. எல்லாருக்கும் அல்ல, ஒவ்வோர் இலாகாவிலும் பாதிப் பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே கோடு கிழித்திருந்தார்கள்.

பாதிப் பேர் வரையில் கொடுக்கலாம் என்றால் என்ன ஆகும்? நீங்கள் நினைப்பதேதான்! 1980-ல் முதன் முதலாகப் போனஸ் கொடுத்த அலுவலகங்களில் சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாஸாவும் ஒன்று. அது சட்டம் அனுமதித்த வரம்பை ஒட்டியே கொடுத்துவிட்டது. காங்கிரஸ் சபையினர் கொதித்தெழுந்தார்கள். "அபூர்வமான திறமைக்கு வெகுமதி என்று சொன்னீர்கள், பாதிப் பேர் அபூர்வமான திறமைசாலிகளா?" என்ற கேள்வி பிறந்தது. அந்த வருஷமே பாதி என்பதை நாலில் ஒரு பங்காக வெட்டினார்கள். பணியாளர் நிர்வாக அலுவலகம் அதையும் குறைத்து, ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று உத்தரவு போட்டது.

இங்கே அதிகாரிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டத்தில் அவர்களுக்கு ஆறு படிச் சம்பளம் இருந்தது. ஆனால் மேல் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தபடியால், 1980-ல் ஏறக்குறைய எல்லாரும் வருஷத்துக்கு 50,112 டாலர் என்ற ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். மேலதிகாரிக்கும் அவருக்குக் கீழே இருக்கிறவருக்கும் ஒரே சம்பளம்! விலைவாசியோ ஏறிக்கொண்டே போயிற்று. "போனஸ் தருவதாகச் சொல்லித்தானே எங்கள் பாதுகாப்பை வாங்கிக்கொண்டீர்கள்? இப்போது கையை விரித்தால் எப்படி?" என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் போகவில்லை.

பிறகு 1984-ல் தலைக் கணக்கை விட்டுவிட்டுப் பானைக் கணக்குக்கு மாறினார்கள். அதாவது, எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பது போய், மொத்தத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று ஆயிற்று. உயர் அதிகாரிகளின் மொத்தச் சம்பளத்தில் 3 சதவிகிதம் போனஸ் பானை. ஒருவருக்குக் கொடுத்தால் 5 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. 20-ஐத் தாண்டக் கூடாது. பிற்பாடு பானையின் அளவு 10 சதவிகிதமாக உயர்ந்தது. இது தவிர, மிகச் சிறந்தவர்கள் என்று ஜனாதிபதியே பொறுக்கி எடுக்கும் சிலருக்குச் சம்பளத்தில் 20 அல்லது 35 சதவிகிதம் வரையில் தனி விருதும் உண்டு.

பானை பெரியதாக இருந்தாலும், கஷ்ட காலம் வந்தால் அகப்பையைச் சிறியதாக்குவது வழக்கமாயிற்று. 2011-ல் ஒபாமா சர்க்கார் அந்தப் பானையிலிருந்து மொத்தச் சம்பளத்தில் 5 சதவிகிதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொல்லிற்று. 2015 டிசம்பரில் அதே ஒபாமா அதை 7.5 சதவிகிதம் ஆக்கினார். இரண்டுக்கும் நடுவே, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் பூகம்பம் வெடித்தது.

பதினாலு நாள்

அமெரிக்காவில் மாஜி ராணுவ வீரர்களுக்கென்று தனி இலாகா ஒன்று இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தம் முதல் கொரியா, வியத்நாம், இராக், ஆப்கானிஸ்தான் வரையில் போரிட்டுத் திரும்பியவர்களில் ஏறக்குறைய 90 லட்சம் பேர் அதன் வைத்திய வசதிக்குப் பெயர் பதிவு செய்தவர்கள். 2014-ல் அதனிடம் சுமார் 150 பெரிய ஆஸ்பத்திரிகளும் நூற்றுக்கணக்கான சிறிய வைத்திய நிலையங்களும் இருந்தன.

யுத்தங்கள் நீண்டன, காயம் பட்டவர்களும் முதியவர்களும் பெருகினார்கள், டாக்டர்கள் மட்டும் அதே வேகத்தில் பெருகவில்லை. ஆகவே டாக்டரைப் பார்க்க நாள் கிடைப்பது கஷ்டமாயிற்று. 2011-ல் இலாகா ஒரு குறிக்கோளை நிர்ணயித்தது. முன்பு 30 நாள் என்று இருந்த கெடுவைக் குறைத்து, நோயாளி விரும்பும் தேதியிலிருந்து 14 நாட்களுக்குள் டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்று சொல்லிற்று.

நல்ல குறிக்கோள்தான். அதைச் சாதிக்க எத்தனை டாக்டர்கள் வேண்டும், எத்தனை அறைகள் வேண்டும் என்று யாரும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகிகளின் வருஷாந்திர மதிப்பீட்டில், போனஸைத் தீர்மானிக்கும் அதே மதிப்பீட்டில், இந்தப் பதினாலு நாளையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது. ஒரு ட்யூஷன் வாத்தியாரை ஏற்பாடு செய்கிறீர்கள். "பையன் எண்பது மார்க் வாங்கினால் உங்களுக்குத் தனியாக ஆயிரம் ரூபாய்" என்கிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் பரீட்சைக் கேள்வியைத் தயாரிப்பதும் அவரே, விடைத்தாள் திருத்துவதும் அவரே, மார்க்கை நோட்டில் எழுதுவதும் அவரே என்று விட்டால்? வாத்தியார் யோக்கியராகவே இருக்கட்டும். எழுபத்தெட்டு வாங்கிய பையனுக்கு இரண்டு மார்க் கூட்டிப் போட அவர் பேனா துடிக்குமா, துடிக்காதா?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நடந்தது இதுதான்.

பீனிக்ஸ் நகரத்துக் கணக்கு

அரிஸோனா மாகாணத்தில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம். பாலைவனத்தின் நடுவே வளர்ந்த பெரிய ஊர். அங்கே மாஜி ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் வெளியே வந்து உண்மையைப் போட்டு உடைத்தார். 2014 ஏப்ரலில் அது டெலிவிஷனில் வெளியாயிற்று. இரண்டு விதமான பட்டியல்கள் இருக்கின்றன. மேலிடத்துக்குக் காட்டுவது ஒன்று, நிஜமாகக் காத்திருப்பவர்களின் பட்டியல் வேறு ஒன்று. காத்திருந்தே 40 பேர் வரையில் இறந்துபோனார்கள் என்பது குற்றச்சாட்டு.

நாடு திடுக்கிட்டது. அந்த இலாகாவுக்குள்ளேயே சுயேச்சையாக இயங்கும் தணிக்கைப் பிரிவு ஒன்று உண்டு. அதன் தலைவருக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று பெயர். (நம் ஊர்ப் போலீஸ் ஐ.ஜி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) அவருடைய ஆட்கள் பீனிக்ஸுக்குப் போய் ஏடுகளைப் புரட்டினார்கள். மே மாதக் கடைசியில் முதல் அறிக்கை வந்தது.

226 நோயாளிகளின் விவரங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் தடவை டாக்டரைப் பார்க்க அவர்கள் சராசரியாக 24 நாள் காத்திருந்தார்கள் என்று ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு எழுதியிருந்தது. நிஜத்தில் காத்திருந்தது சராசரி 115 நாள்! இருபத்து நாலு எங்கே, நூற்றுப் பதினைந்து எங்கே? இதோடு போகவில்லை. டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த சுமார் 1,700 பேரின் பெயர்கள் அதிகாரபூர்வமான காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் ஏறாதவர் காத்திருப்பவர் ஆக மாட்டார் அல்லவா? காகிதத்தைப் பொறுத்த வரையில் அவர்கள் இந்த உலகத்திலேயே இல்லை.

இந்த வித்தையை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அவ்வளவு எளிது. ஒரு முதியவர் டெலிபோன் செய்து, "டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்கிறார். குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்து, "மூன்று மாதம் கழித்துத்தான் இடம் இருக்கிறது. அன்றைக்கு வருகிறீர்களா?" என்று கேட்கிறார். வேறு வழி? கிழவர் "சரி" என்கிறார். உடனே, "நோயாளி விரும்பிய தேதி" என்ற கட்டத்தில் அந்த மூன்று மாதம் கழித்து வரும் தேதியே ஏறிவிடுகிறது! நோயாளி விரும்பிய நாளும் அதுவே, டாக்டரைப் பார்க்கும் நாளும் அதுவே. காத்திருந்தது எத்தனை நாள்? பூஜ்யம்! கிழவர் மட்டும் வீட்டில் மூன்று மாதம் இருமிக்கொண்டிருப்பார்.

இது பீனிக்ஸ் குமாஸ்தாக்களின் குறும்பு மட்டும் அல்ல. அடுத்த மாதம் நாடு முழுவதும் இலாகாவே ஒரு சோதனை நடத்திற்று. நாள் குறிக்கும் சிப்பந்திகளில் 13 சதவிகிதம் பேர், நோயாளி கேட்ட தேதியை விட்டு வேறு தேதியைப் போடும்படி தங்களுக்குச் சொல்லப்பட்டது என்று தெரிவித்தார்கள். புதிதாகப் பதிவு செய்துகொண்ட 57,000-க்கும் மேற்பட்டவர்கள் குறைந்தது 90 நாள் காத்திருக்க வேண்டிய நிலையில் இருந்தார்கள். டாக்டர்களின் நேரம் போதாமையே பெரிய முட்டுக்கட்டை என்றும், பதினாலு நாள் என்பது எட்டவே முடியாத குறிக்கோள் என்றும் அந்தச் சோதனை ஒப்புக்கொண்டது.

நாற்பது மரணம் என்ற குற்றச்சாட்டு என்ன ஆயிற்று? நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டில் வந்த இறுதி அறிக்கை, வைத்தியம் தாமதமானதால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றது. ஆனால் வைத்தியத்தைப் பாதிக்கும்படியான தாமதத்துக்கு ஆளான 28 பேரை அது கண்டுபிடித்தது. அவர்களில் 6 பேர் உயிரோடு இல்லை.

எல்லாரும் பாஸ்!

இனிமேல் போனஸுக்கு வருவோம். பீனிக்ஸ் ஆஸ்பத்திரியின் இயக்குநர் 2013-ம் வருஷத்துக்குப் பெற்ற போனஸ் 8,495 டாலர். விவகாரம் வெளியே வந்ததும், "அது நிர்வாகப் பிசகு" என்று சொல்லி இலாகா அதை ரத்து செய்தது. காத்திருக்கும் காலம் குறைந்துவிட்டதாக அந்த வருஷ மதிப்பீட்டில் காட்டப்பட்டிருந்தது என்பதையும், அந்த மதிப்பீடு வெகுமதிக்கும் சம்பள உயர்வுக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் தணிக்கை அறிக்கையே சுட்டிக் காட்டிற்று.

காங்கிரஸ் கமிட்டி ஜூன் மாதம் இலாகா அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. அப்போது வெளியான விஷயம் இன்னும் ருசிகரமானது. இலாகாவில் உயர் நிர்வாகிகள் 470 பேர். முந்தின நாலு வருஷங்களில் அவர்களில் எத்தனை பேருக்கு "திருப்தி இல்லை" என்று மார்க் விழுந்தது தெரியுமா? ஒருவருக்குக் கூட இல்லை! அத்தனை பேரும் முழு வெற்றி, அல்லது அதற்கும் மேல். 2013-ல் ஏறக்குறைய 65 சதவிகிதம் பேருக்குப் போனஸ் கிடைத்தது. தலைக்குச் சராசரி 9,000 டாலர். நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் எந்தப் பள்ளிக்கூடத்திலாவது நாலு வருஷம் ஒருவர்கூடத் தவறாமல் இப்படி மார்க் வாங்கியது உண்டா?

பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்தது இதைவிட வேதனை. 2011, 2012 வருஷங்களில் அங்குள்ள இந்த இலாகா ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குழாய்களில் பரவிய கிருமியால் லீஜியனேர்ஸ் என்ற நுரையீரல் ஜுரம் கண்டது. குறைந்தது 5 நோயாளிகள் இறந்தார்கள். 2013 ஏப்ரலில் அந்த ஆஸ்பத்திரியின் குறைபாடுகளைப் பற்றித் தணிக்கை அறிக்கை வந்தது. அது வந்த சில நாட்களுக்குள்ளேயே, அந்தப் பிராந்தியத்தின் நிர்வாகிக்கு ஜனாதிபதி விருதாக 62,895 டாலர் வழங்கப்பட்ட செய்தியும் வந்தது. விருதுக்கான சிபாரிசு முன்பே போயிருந்தது. நடுவில் நடந்ததைக் கேட்டு அதை நிறுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள்!

கத்தரிக்கோல் எங்கே விழுந்தது?

ஜனங்களின் கோபம் எல்லை மீறிற்று. 2014 மே 30-ம் தேதி இலாகா மந்திரி எரிக் ஷின்செகி ராஜிநாமா செய்தார். அவரே வியத்நாமில் காலில் படுகாயம் பட்ட ராணுவ வீரர். தளபதி ஸ்தானம் வரையில் உயர்ந்தவர். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பதினாலு நாள் குறிக்கோளை மதிப்பீட்டுத் தாள்களிலிருந்து அடித்துவிட்டது. வைத்தியப் பிரிவின் உயர் நிர்வாகிகளுக்கு அந்த வருஷப் போனஸும் கிடையாது என்று அறிவித்தார்.

பிரதிநிதிகள் சபை ஜூன் மாதம் ஒரு மசோதாவை 426-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் ஏகமனதாக நிறைவேற்றிற்று. இரண்டு கட்சிகளும் கீரியும் பாம்புமாக இருந்த காலத்தில் அது ஓர் அதிசயம். அந்த மசோதாவில் சில வருஷங்களுக்கு இலாகாவில் யாருக்குமே போனஸ் கூடாது என்று இருந்தது. கடைசியில் செனட் சபையோடு சமரசம் ஆகி, ஆகஸ்ட் 7-ம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில், 2015 முதல் 2024 வரையில் வருஷத்துக்கு மொத்தம் 36 கோடி டாலருக்கு மேல் இலாகா போனஸ் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

"பலே, சரியான தண்டனை!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது உயர் நிர்வாகிகளுக்கு மட்டும் போட்ட வரம்பு அல்ல. இலாகாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பந்திகள். ராத்திரி கண் விழிக்கும் நர்ஸ், படுக்கை மாற்றும் பணியாள், டெலிபோன் எடுக்கும் குமாஸ்தா எல்லாரும் அந்த ஒரே பானையிலிருந்துதான் பெற வேண்டும். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் ஆயிரம் டாலர். உயர் நிர்வாகிகள் 2013-ல் பெற்ற மொத்தப் போனஸோ 27 லட்சம் டாலரை ஒட்டியதுதான். பெரிய பானையில் அது ஒரு கரண்டி. மேலே இருப்பவர் மேல் கோபம். கத்தரிக்கோல் விழுந்ததோ அடியில் இருப்பவர் பங்கிலும்! குடும்பத்திலும் இப்படி நடப்பது உண்டு. வீட்டுக்காரர் கிளப்பில் பணத்தை விட்டுவிட்டு வருவார். "இனிமேல் சிக்கனம்" என்று சொல்லி, பால் கணக்கில் கால் லிட்டர் குறைப்பார்கள்.

பின் கதவு

வரம்பு கட்டியாகிவிட்டது. இனிமேல் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை!

யுத்த களத்தில் குப்பை எரித்த நச்சுப் புகையாலும் மற்ற விஷப் பொருள்களாலும் நோய்ப்பட்ட வீரர்களுக்கு உதவ, 2022 ஆகஸ்டில் ஒரு புதிய சட்டம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் புதிதாக விண்ணப்பம் செய்வார்கள். அதைச் சமாளிக்க ஆட்கள் வேண்டும். ஆகவே, கிடைப்பதற்கு அரிதான திறமை உள்ளவர்களை இழுத்துப் பிடிக்கச் சம்பளத்தில் 25 சதவிகிதம் வரையில் ஊக்கத் தொகை கொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. போனஸ் என்று பெயர் இல்லை. "அவசியத் திறமைக்கான ஊக்கத் தொகை" என்று பெயர்.

அந்தத் தொகை யாருக்குப் போயிற்று? வாஷிங்டன் தலைமை அலுவலகத்தில் இருந்த 182 உயர் நிர்வாகிகளுக்கு 1 கோடியே 8 லட்சம் டாலர் போயிற்று! சராசரி பார்த்தால் தலைக்கு 59,000 டாலர். இன்னாருக்கு இன்ன அரிய திறமை என்று ஒவ்வொருவராகப் பார்த்துத் தீர்மானிக்காமல், இரண்டு பெரிய பிரிவுகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அப்போதைய மந்திரி டெனிஸ் மெக்டனோ விஷயம் தெரிந்து அதை ரத்து செய்து, காங்கிரஸுக்குத் தாமே தெரிவித்து, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். அது முறைகேடான பட்டுவாடா என்று 2024 மே மாதம் தணிக்கை அறிக்கை உறுதி செய்தது.

36 கோடி என்ற வரம்பு அமலில் இருந்த காலத்திலேயே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். முன் கதவைப் பூட்டினால், பணம் வேறு பெயர் வைத்துக்கொண்டு பின் கதவு வழியாக வருகிறது.

அப்படியானால் ஒழித்துவிடலாமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? பெரிய அதிகாரிகளுக்குப் போனஸே வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சம்பளம் வாங்குவதே வேலை செய்வதற்குத்தானே, வேலை செய்ததற்கு வேறு வெகுமதியா என்பது அவர்கள் வாதம். அதில் பலம் இருக்கிறது.

ஆனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான டாக்டர்களும் ஆயிரக்கணக்கான சிப்பந்திகளும் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி மேய்ப்பது சாமானியமான வேலை அல்ல. அதே வேலைக்குத் தனியார் ஆஸ்பத்திரிகள் பல மடங்கு சம்பளம் கொடுக்கின்றன. கௌரவத்துக்காகவும் தேச சேவைக்காகவும் இருக்கிற நல்லவர்களை, யாரோ செய்த பொய்க் கணக்குக்காகத் தண்டித்தால் அவர்கள் போய்விடுவார்கள். போக இடம் இல்லாதவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கடைசியில் கஷ்டப்படுவது யார்? டெலிபோனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அதே கிழவர்தான்.

ஆகவே வரம்பு வேண்டும். ஆனால் வெறும் பண வரம்பு போதாது. அமெரிக்காவின் நாற்பது வருஷ அனுபவத்தைப் பார்த்தால் நாலு விஷயங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

முதலாவது: வெகுமதி வாங்குகிறவர் கையில் அளவுகோல் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் காத்திருந்தார் என்று ஆஸ்பத்திரியைக் கேட்காமல், காத்திருந்தவரையே கேட்க வேண்டும். பீனிக்ஸில் 226 நோயாளிகளின் விவரங்களை வெளியார் சோதித்த பிறகே 24 நாள் 115 நாள் ஆயிற்று. அந்தச் சோதனையைப் போனஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இரண்டாவது: எட்ட முடியாத குறிக்கோளை வைத்து, அதற்குப் பணத்தையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. டாக்டர் இல்லாத ஊரில் பதினாலு நாள் என்று சொன்னால், ஒன்று நிர்வாகி தோற்க வேண்டும். அல்லது காகிதம் பொய் சொல்ல வேண்டும். காகிதத்துக்கு மானம் ரோஷம் கிடையாது. அது சுலபமாகச் சொல்லிவிடும்.

மூன்றாவது: எல்லாருக்கும் முதல் மார்க் என்றால் யாருக்கும் முதல் மார்க் இல்லை. வெகுமதி என்பது சிலருக்கே. ஏன் அவருக்கு என்பதை எழுத்தில் காட்டக் கூடியதாக இருக்க வேண்டும். 470 பேரில் ஒருவர்கூடக் குறைவுபடவில்லை என்பது நம்பக் கூடிய கணக்கு அல்ல.

நாலாவது: கொடுத்ததைத் திருப்பி வாங்கும் உரிமை வேண்டும். 2017 ஜூன் மாதம் வந்த ஒரு சட்டம் இதைச் செய்தது. தவறு செய்தது பிற்பாடு தெரிந்தால், மாஜி ராணுவத்தினர் இலாகா சிப்பந்திக்குக் கொடுத்த போனஸைத் திருப்பிக் கேட்கலாம். நாளைக்கு எவராவது கணக்கைப் புரட்டுவார், வாங்கிய பணம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் இருந்தால், பேனா கொஞ்சம் நிதானித்துத்தான் எழுதும். முறைகேட்டை வெளியே சொல்கிற சிப்பந்திகளுக்குப் பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. பீனிக்ஸ் விஷயம் வெளிவந்தது ஒரு டாக்டர் வாயைத் திறந்ததால் அல்லவா?

வீட்டை நடத்துகிற உங்களுக்கு இதையெல்லாம் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பால்காரர் எழுதும் கணக்குக்குப் பக்கத்தில் காலண்டரில் நீங்களும் ஒரு கோடு போட்டு வைக்கிறீர்கள். அவரை நம்பாததால் அல்ல. மாதக் கடைசியில் இருவருக்கும் மனஸ்தாபம் வரக் கூடாது என்பதற்காக. 36 கோடி டாலர் என்று வரம்பு கட்டிய பெரிய மனிதர்கள் அந்தக் காலண்டர்க் கோட்டை முதலிலேயே போட்டிருந்தால், பீனிக்ஸ் நகரத்துக் கிழவர்கள் நூற்றுப் பதினைந்து நாள் காத்திருப்பது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். அதற்கு ஆன செலவும் ஒரு பென்சிலுக்கு மேல் இருந்திராது.